கதை சொல்லத் தெரிந்த பிள்ளையை வாதாட வைப்பது எப்படி?

தரம் 11 விடைத்தாள் கட்டு ஒன்றைக் கையில் எடுங்கள். "கண்ணகியின் பாத்திரப் படைப்பை ஆராய்க" என்பது கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் புகார் நகரில் தொடங்கியிருப்பார்கள். கோவலன் மாதவியிடம் போனது, கைப்பொருளை இழந்து திரும்பியது, மதுரைக்கு நடந்தது, பொற்கொல்லன் சூழ்ச்சி, நகரம் எரிந்தது என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். கதை சரி. எழுத்துப் பிழையும் அவ்வளவாக இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை. கடைசி வரியில் "இவ்வாறாகக் கண்ணகியின் பாத்திரம் மிகச் சிறப்பாகப் படைக்கப்பட்டுள்ளது" என்று முடிந்திருக்கும்.

இதை எழுதிய பிள்ளை சோம்பேறி இல்லை. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். ஆராய்வது என்றால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் செய்து காட்டவில்லை, அவ்வளவுதான். பாடம் நடந்தது, பொருள் சொல்லப்பட்டது, நோட்ஸ் கொடுக்கப்பட்டது, அது மனப்பாடமும் ஆகிவிட்டது. "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று ஒரு தடவைகூட அவளிடம் கேட்கப்படவில்லை.

பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நியமனக் கடிதத்தோடு போய்ச் சேர்ந்திருக்கும் தமிழாசிரியருக்காக இதை எழுதுகிறேன். சாதாரண தரத்தில் தமிழ்மொழியும் இலக்கியமும் கட்டாயப் பாடம். விரும்பி எடுப்பவர்களுக்குத் தமிழ் இலக்கிய நயம் தனிப்பாடம். உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போனால் தமிழ் மீண்டும் வரும். மூன்றிலும் பிள்ளையை மேலே தூக்கிவிடுவதும் கீழே தள்ளுவதும் இந்த ஒரு திறமைதான்: தான் சொல்வதற்குப் பாடத்திலிருந்து ஆதாரம் காட்டி, அந்த ஆதாரம் ஏன் செல்லும் என்று விளக்குவது.

முதல் வாரத்திலேயே வகுப்புக்கு ஒரு சோதனையைக் கற்றுக்கொடுங்கள். "கவிஞர் தம் கற்பனைத் திறத்தால் இக்காட்சியை மிக அழகாக எடுத்துக்காட்டியுள்ளார்" என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். இது எந்தப் பாட்டைப் பற்றியது என்று கேளுங்கள். வகுப்பு விழிக்கும். குறுந்தொகைக்கும் பொருந்தும், பாரதிக்கும் பொருந்தும், நேற்று பத்திரிகையில் வந்த கவிதைக்கும் பொருந்தும். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் வாக்கியம் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைப் பிள்ளைகள் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். தங்கள் கொப்பியில் அப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேடிக் கோடு போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை டியூஷனில் கொடுத்த நோட்ஸிலும் போடட்டும். கொப்பி முழுக்கக் கோடு விழும். அதைப் பார்த்து யாரையும் ஏசக் கூடாது. அந்த வாக்கியங்களைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை, பெரியவர்கள்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

அடுத்து கண்ணகியிடமே போங்கள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாத்திரப் படைப்புக்காகவும் அவலச் சுவைக்காகவும்தான் வழக்கமாக நடத்துகிறோம். ஒரு வாதம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக அதை ஒரு தடவை நடத்திப் பாருங்கள். என் கணவன் கள்வன் இல்லை என்கிறாள். அது அவளுடைய நிலைப்பாடு. வெறும் நிலைப்பாட்டை அரசன் ஏற்கப் போவதில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். சிலம்பு கொண்டுவரப்படுகிறது. உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அழுகையும் கோபமும் நிறைந்த அந்தக் காட்சியில் அவளை வெல்ல வைத்தது அழுகையோ கோபமோ இல்லை. இரண்டு சிலம்புக்கும் இருந்த ஒரே வேறுபாட்டைப் பிடித்து, எதிராளி ஒப்புக்கொண்ட உண்மையை வைத்தே அதை நிறுவினாள். கட்டுரையில் பிள்ளை செய்ய வேண்டியதும் இதுதான். "உன் சிலம்பு எங்கே?" என்பதை வகுப்பின் வாடிக்கைக் கேள்வியாக ஆக்கிவிடுங்கள். ஆதாரம் இல்லாமல் ஒரு பிள்ளை எதையாவது சொன்னால் மற்றப் பிள்ளைகளே அதைக் கேட்டுவிடுவார்கள்.

பிறகு நோட்ஸ் கிடைக்காத ஒரு பகுதி வேண்டும். பாடநூலில் இருக்கும் எந்தப் பகுதிக்கும் கடையில் வழிகாட்டி இருக்கிறது. ஆகவே நீங்களே ஒரு சிறு பத்தி எழுதுங்கள். நான்கு வாக்கியம் போதும். உதாரணத்துக்கு இப்படி:

"மழை விட்டு வெகுநேரம் ஆகியும் காம்பராவுக்குள் சொட்டுவது நிற்கவில்லை. அம்மா ஒரு வாளியை எடுத்து வைத்தாள். சற்றுப் பொறுத்து இன்னொன்றையும் வைத்தாள். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்."

கேள்வி ஒன்றுதான்: இந்த அப்பா எப்படிப்பட்டவர்? பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"மோசமானவரு சேர்."

"எந்த எடத்துல அப்படி இருக்கு?"

"அம்மா வாளி வைக்கிறாங்க, இவரு ஒன்னும் செய்யல. ரேடியோவ கூட்டுறாரு."

"ஏன் கூட்டுறாரு?"

"சொட்டுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

பின்வாங்கிலிருந்து ஒரு பையன் குறுக்கே வருவான். "இல்ல சேர், மழை சத்தத்துல ரேடியோ கேட்டிருக்காது. அதான் கூட்டுறாரு."

முன்வாங்குப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சொல்வாள்: "மழதான் விட்டுருச்சே! மொத வரியப் பாரு."

அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு கருத்து வந்தது, எதிர்க்கருத்து வந்தது, இரண்டில் எது நிற்கும் என்பதைப் பத்தியின் முதல் வரி தீர்த்துவைத்தது. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னும் ஒரு பிள்ளை, அப்பாவுக்குக் கூரையைத் திருத்த வழியில்லை, அந்த இயலாமையைத்தான் சத்தத்தால் மூடுகிறார் என்று சொல்லக்கூடும். அதுவும் பத்தியோடு பொருந்தும். "மோசமானவர்" என்று தொடங்கிய பேச்சு அங்கே வந்து நின்றால் அன்றைய பாடவேளை வீண்போகவில்லை.

பேசி முடித்ததும் எழுத வையுங்கள், மூன்றே வாக்கியம். முதலாவதில் தன் கருத்து, இரண்டாவதில் பத்தியிலிருந்து ஆதாரம், மூன்றாவதில் அந்த ஆதாரம் கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம். முடித்த பத்தி இப்படி இருக்கும்: "தந்தை வீட்டின் குறையை எதிர்கொள்ள முடியாதவராகக் காட்டப்படுகிறார். தாய் இரண்டாவது வாளியையும் வைத்த பிறகு அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டுகிறார். மழை விட்டுவிட்டது என்று முதல் வாக்கியமே சொல்லிவிடுவதால், அவர் மறைக்க விரும்புவது மழையின் ஓசையை அன்று, கூரை ஒழுகும் ஓசையையே எனக் கொள்ளலாம்."

முதல் இரண்டு வாக்கியமும் பிள்ளைகளுக்கு விரைவில் வந்துவிடும். மூன்றாவதுதான் வராது. மேற்கோளைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள், அல்லது மேற்கோளையே வேறு சொற்களில் திரும்ப எழுதுவார்கள். ஒரு தவணை முழுவதும் இந்த மூன்றாவது வாக்கியத்திலேயே நின்றாலும் பரவாயில்லை. அது வந்த பிள்ளைக்கு முழுக் கட்டுரை எழுதுவது கடினம் இல்லை. அப்படியான பத்திகள் மூன்று நான்கைக் கோத்து, முன்னால் கேள்விக்கு நேர் விடையாக ஒரு தொடக்கம் வைத்தால் கட்டுரை ஆகிவிடும். "இலக்கியம் காலத்தின் கண்ணாடி" என்று தொடங்கும் முன்னுரையை மட்டும் தடை செய்துவிடுங்கள்.

திருத்தும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தொடங்கும் புது ஆசிரியர் பலரும் களைத்துப்போவது இங்கேதான். வகுப்புக்கு முப்பது, நாற்பது கொப்பி. எல்லாப் பிழையையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டால் இரவு போய்விடும், பிள்ளையும் அதைப் படிக்க மாட்டாள். ஒரு வாரத்துக்கு ஒரு குறையை மட்டும் பாருங்கள். இந்த வாரம் மூன்றாவது வாக்கியம் இருக்கிறதா என்பது மட்டும். அடுத்த வாரம் ஆதாரம் சரியான இடத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பது. ஓரத்தில் "நன்று" என்று எழுதுவதைவிட ஒரு கேள்வி எழுதுவது பயன் தரும். "இந்த வரி இல்லாவிட்டால் உன் கருத்து நிற்குமா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்து, அந்த ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுத வையுங்கள். திரும்ப எழுதாத திருத்தம் பெரும்பாலும் வீண்.

ளகர லகரமும் ஒருமை பன்மையும் முக்கியம்தான். புள்ளித்திட்டத்தில் அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் கருத்தும் எழுத்துப் பிழையும் ஒரே நாளில் திருத்தப்பட்டால் பிள்ளை பிழையை மட்டும்தான் திருத்துவாள், கருத்து அப்படியே கிடக்கும். வேறு நாளுக்கு வையுங்கள். அதேபோல் பேச்சுத் தமிழில் கருத்துச் சொல்லும் பிள்ளையை "ஒழுங்காப் பேசு" என்று நடுவில் மறிக்காதீர்கள். லயத்தில் பேசும் தமிழில் அவள் யோசிக்கட்டும், சொல்லட்டும். சொன்னதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது அடுத்த வேலை, அதை வகுப்பே சேர்ந்து கரும்பலகையில் செய்யலாம். வாயை மூடவைத்துவிட்டுப் பிறகு எழுது என்றால் அவளிடம் எஞ்சியிருப்பது மனப்பாடம் செய்த வாக்கியம்தான்.

தரம் 11க்கும் உயர்தரத்துக்கும் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கம்பராமாயணத்தில் குகன் தேனும் மீனும் கொண்டுவரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குகனின் அன்பைக் காட்டும் காட்சி என்று எல்லா நோட்ஸும் சொல்லும். சரிதான். இராமன் அந்த அன்பைப் போற்றுகிறான், அன்போடு வந்ததால் அது உயர்ந்தது என்கிறான், தாம் உண்டதற்குச் சமம் என்கிறான். ஆனால் அவன் அதை உண்டானா? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உண்ணவில்லை என்பதைக் கண்டதும் வகுப்பு இரண்டாகும். அன்பை ஏற்றவன் உணவை ஏற்கவில்லையே என்று ஒரு பக்கம். தவ வேடத்தில் இருப்பவன் மறுக்காமல் மறுப்பதற்கு எடுத்துக்கொண்ட சொல்லின் நயத்தைப் பார் என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் பாட்டிலேயே ஆதாரம் உண்டு. இரண்டையும் எழுதி, தான் எந்தப் பக்கம், ஏன் என்று சொல்லும் பிள்ளையின் விடைத்தாள் திருத்துபவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். நம்முடைய உரையாசிரியர்களும் இப்படித்தான் செய்தார்கள். தாமே ஒரு தடையை எழுப்புவார்கள், பிறகு விடை சொல்வார்கள், வேறு உரையை எடுத்துக்காட்டி அது ஏன் பொருந்தாது என்பார்கள். பரிமேலழகரின் உரையில் ஒரு குறளை எடுத்து அந்த நடையைக் காட்டினால், ஆராய்ச்சி வெளியிலிருந்து வந்த சரக்கு என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராது.

உங்களுக்கும் ஒரு புத்தகம் வேண்டும். க. கைலாசபதியும் இ. முருகையனும் சேர்ந்து எழுதி 1970இல் வெளிவந்த "கவிதை நயம்" இந்த வேலைக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். கவிதையைப் புகழ்வதற்கும் அதை ஆராய்வதற்கும் உள்ள தூரத்தை அது காட்டுகிறது.

ஊவாவில் படிப்பிக்கும் ஒருவருக்குத் தெளிவத்தை ஜோசப்பைத் தெரியாமல் இருக்கக் கூடாது. 1934இல் ஹாலிஎலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர், தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மகன். தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். "நாமிருக்கும் நாடே" தொகுதி 1979இல் வந்தது. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் மறைந்தார். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளை பஸ்ஸில் கடந்து போகும் ஊர்களிலிருந்து இப்படி ஒரு எழுத்தாளர் வந்திருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? என்.எஸ்.எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து", சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்று இன்னும் இருக்கின்றன. புத்தகம் கிடைக்காது என்ற கவலை வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக நூல்கள் பலவற்றைக் கைப்பேசியிலேயே வாசிக்கலாம்.

ஆனால் மலையகக் கதையை வகுப்புக்குக் கொண்டுபோகும்போது ஒரு சிக்கல் வரும், அதற்குத் தயாராகப் போங்கள். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுத் தங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்குவார்கள். "எங்க தோட்டத்துலயும் இப்படித்தான் நிறுவையில வெட்டுவாங்க" என்பது உண்மை, மதிக்க வேண்டிய உண்மை. ஆனாலும் அது கதைக்கு ஆதாரம் ஆகாது. கதையில் வரும் கணக்கப்பிள்ளை என்ன சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார், அதற்கு அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதுதான் ஆதாரம். இதைச் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) விழாமல் அரைப் பேர் விழுந்த நாளை வீட்டில் பார்த்த பிள்ளைக்கு, அந்த அனுபவம் வேண்டாம் என்று நீங்கள் தள்ளுவதாகத் தோன்றிவிடக் கூடாது. அரைப் பேர் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளை, கதையில் ஒரு பெண் தராசைப் பார்க்கும் பார்வையில் கொழும்புப் பிள்ளைக்குத் தெரியாததைக் காண்பாள். கண்டதை வரியோடு சேர்த்து எழுதப் பழகிவிட்டால், அவளுடைய மூன்றாவது வாக்கியத்தை எந்த நோட்ஸாலும் எழுதிவிட முடியாது. எனக்கு இந்த வேலையில் உள்ள நம்பிக்கை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

வீட்டில் பாட்டியோ அம்மாயியோ பாடும் தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி ஒன்றை எழுதிக்கொண்டு வரச் சொல்வதும் நல்ல பயிற்சி. அச்சில் வராத பாட்டுக்கு வழிகாட்டிப் புத்தகம் இருக்காது. ஒரே பாட்டை இரண்டு பிள்ளைகள் வேறு வேறு சொற்களோடு கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ஏன் இந்தச் சொல், அந்தச் சொல்லாக இருந்தால் என்ன மாறுகிறது என்று கேட்கலாம். சொல் தேர்வைப் பற்றிப் பேச இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இனி ஆசிரியர் அறைப் பக்கம். நோட்ஸ் கொடுக்காத ஆசிரியரைப் பெற்றோரும் சில மூத்த ஆசிரியர்களும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அவர்களோடு மோத வேண்டாம். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்த பிறகு பயிற்சி பெற்ற மலையக ஆசிரியர்கள் பெருமளவில் வகுப்புகளுக்கு வரத் தொடங்கினார்கள். அவ்வளவு பிந்திக் கிடைத்த வாய்ப்பை ஒரு பரீட்சையில் இழந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு, மனப்பாடம் கைவசம் இருக்கும் காப்பாகத் தெரிகிறது. உங்கள் முறையும் புள்ளி தரும் என்று காட்டினால் போதும். ஒரு கடந்தகால வினாவுக்குப் பழைய முறையில் எழுதிய விடையையும் புதிய முறையில் எழுதிய விடையையும் பெயரை மறைத்து, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் புள்ளி போடச் சொல்லி, அந்தத் தாள்களைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளை அவசியம் வாசியுங்கள். எந்த வினாவில் பிள்ளைகள் எப்படித் தவறினார்கள் என்பது அவற்றில் இருக்கும். வாய்ப்புக் கிடைக்கும் முதல் ஆண்டிலேயே விடைத்தாள் திருத்தும் பணிக்கு விண்ணப்பியுங்கள். தொழில் முன்னேற்றத்துக்கு உதவும் என்பது ஒரு பக்கம். நூற்றுக்கணக்கான விடைகளை வரிசையாக வாசிக்கும்போது ஒரே நோட்ஸ் எத்தனை ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்ணால் பார்ப்பது இன்னொரு பக்கம். மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியை மேசையில் வைத்திருங்கள். வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் வரும் நாளில் நல்ல கொப்பியை மட்டும் காட்டாமல், மூன்றாவது வாக்கியம் வராமல் தவிக்கும் பிள்ளையின் கொப்பியையும் காட்டி யோசனை கேளுங்கள்.

மழைக்காலத்தில் வரவு குறையும். நமுனுகுலை, கொஸ்லந்தைப் பக்கத்து மலைச்சரிவுகளில் மழை என்றால் பயமும் சேர்ந்து வரும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. வராத பிள்ளையை விட்டுவிட்டு ஓடாத மாதிரிப் பாடத்தை அமையுங்கள். ஒவ்வொரு பயிற்சியும் ஒரு பாடவேளைக்குள் முடியட்டும். பயிற்சிக்குரிய பத்தி ஒரு தாளில் இருந்தால், திரும்பி வந்த நாளில் பக்கத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

பரீட்சைக்கு முந்திய கடைசி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். நாளுக்கு ஒரு கடந்தகால வினா. முதல் ஐந்து நிமிடம் விடையை எழுதத் தொடங்கவே கூடாது. கேள்வி எதைக் கேட்கிறது என்று கோடிட்டு, பதிலை ஒரே வாக்கியத்தில் ஓரத்தில் எழுத வேண்டும். அதற்குக் கீழே எந்த இடங்களிலிருந்து ஆதாரம் எடுப்பது என்று மூன்று குறிப்பு. பிறகுதான் விடையை எழுதத் தொடங்க வேண்டும். நேரத்தை மணிக்கூடு வைத்துப் பாருங்கள், நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுங்கள். பாதியில் நின்ற விடையையும் திருத்துங்கள். எங்கே நின்றது, எதில் நேரம் போனது என்பதை அந்தப் பிள்ளையோடு அன்றைக்கே பேசிவிடுங்கள். பெரும்பாலும் கதை சொன்னதில்தான் போயிருக்கும்.